லயத்துக் காம்பராவில் தண்ணீர்க் குழாயும் கரண்ட் வயரும்

மழைக்குப் பெயர் போன பிரதேசம் கலவான. இரத்தினபுரி மாவட்டத்தின் தென்மேற்கில், சிங்கராஜ வனத்தை அண்டியுள்ள இப்பகுதியில் தேயிலையும் இறப்பரும் பயிராகின்றன. மலைச்சரிவுகளில் ஊற்றுகளுக்கும் ஓடைகளுக்கும் குறைவில்லை. 2003ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய குக்குளே கங்கை நீர்மின் நிலையமும் இங்கிருந்து அதிக தொலைவில் இல்லை. தண்ணீரும் மின்சாரமும் பிறக்கும் இடத்திற்கு இவ்வளவு அருகில் வாழ்கின்ற தோட்டத்துப் பெண்ணின் வீட்டிற்குள் அவை இரண்டும் எப்படி வந்து சேர்ந்திருக்கின்றன?

பழைய லயம் ஒன்றின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். மலையிலிருந்து இறங்கி வரும் கறுப்புக் குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். சில கானுக்குள் கிடக்கும். சில கூரைத் தகரத்தின் விளிம்பில் தொங்கும். அதே தகரத்தின் கீழ் கரண்ட் வயர் போகும். அதற்குப் பக்கத்தில் தொலைக்காட்சி வயர், அதே ஆணியில் துணி காயப் போடும் கம்பி. எது யாருடையது, எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டால் வீட்டில் இருக்கும் எவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது, அது போதும் என்று நாட்கள் ஓடிவிடுகின்றன.

ஒரு நாள் போதாமல் போய்விடுகிறது. கசிந்த தண்ணீர் வயரில் இறங்குகிறது. அல்லது தோல் உரிந்த வயர் ஈரத் தகரத்தைத் தொடுகிறது. குசினியில் ஈரக் கையோடு நிற்பவள் பெரும்பாலும் பெண்தான். ஆகவே இந்த இரண்டு வழிகளையும் ஒழுங்குபடுத்துவது பற்றிப் பெண்களாகிய நாம் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டும் பிந்தி வந்தவை

லயங்கள் கட்டப்பட்ட காலத்தில் குழாய்க்கோ வயருக்கோ அவற்றில் இடம் வைக்கப்படவில்லை. 10 அடிக்கு 12 அடி என்று சொல்லப்படும் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அவ்வளவுதான். தண்ணீருக்குப் பொதுப் பீலி. வெளிச்சத்துக்குக் குப்பி விளக்கு. பீலிக்கரையில் வரிசையில் நின்று குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறி வந்தவர்கள் நம் அம்மாயிமார்.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயங்கள் பல அப்படியே இருந்தன. குடும்பம் பெருகியபோது பின்பக்கம் தகரம் அடித்துக் குசினியை நீட்டினார்கள். மகனுக்குக் கலியாணம் முடிந்ததும் இஸ்தோப்பை மறைத்து ஓர் அறை ஆக்கினார்கள். பீலியிலிருந்து ஒரு குழாய் வீட்டுக்கு வந்தது. மின்சாரமும் பிறகு வந்தது. புதிதாக அடித்த குசினிக்குப் பழைய பல்பிலிருந்து வயர் இழுக்கப்பட்டது. சில இடங்களில் ஒரே மீட்டரிலிருந்து பக்கத்துக் காம்பராவுக்கும் வயர் போனது.

ஆக, இந்தச் சிக்கல் யாருடைய சோம்பலாலும் வந்ததல்ல. தேவை வந்த நேரத்தில் கையில் இருந்த காசுக்கு ஒவ்வொரு துண்டாகச் சேர்க்கப்பட்டதால் வந்தது. ஒழுங்குபடுத்துவதையும் துண்டு துண்டாகவே செய்யலாம். ஒரே நாளில் பெரும் பணம் செலவழிக்க வேண்டும் என்பதில்லை.

வன்னிச் சகோதரிகளுக்கும் இது பொருந்தும்

இது தோட்டத்துக் கதைதானே என்று வடக்கில் இருக்கும் சகோதரிகள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 1977இலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், 1983 யூலையிலும் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய்க் குடியேறின. லயத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் யுத்தத்தில் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். தறப்பாள் கொட்டில், முகாம், தற்காலிகத் தகர வீடு என்று அலைந்து, 2009க்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் கல் வீடு கண்டார்கள்.

அந்தக் கல் வீடுகளிலும் இதே கதை உண்டு. சுவர் எழுப்பியதோடு காசு முடிந்துவிட்டது. வயரிங் அரைகுறையாக நின்றது. கிணற்றடியில் மோட்டர் வைத்தபோது, வீட்டிலிருந்து கிணறு வரை வயர் தரையிலேயே இழுபட்டது. அதன்மேல் மண்வெட்டியும் போகிறது, மாடும் போகிறது, மழைத் தண்ணீரும் நிற்கிறது. கலவானத் தோட்டத்தில் கூரைக்குக் கீழே இருக்கும் ஆபத்து, கிளிநொச்சியில் கிணற்றடியில் இருக்கிறது.

இன்னொன்றும் பொதுவானது. யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், தனியே குடும்பம் நடத்துபவர்கள் நம்மில் அநேகர். குழாய் வெடித்தாலும் கரண்ட் நின்றாலும் யாராவது ஆண் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. வருபவர் என்ன செய்தார், எதற்குக் காசு கேட்கிறார் என்றும் விளங்குவதில்லை. வீட்டில் ஓடும் இரண்டு வழிகளும் தெரிந்த பெண்ணை எவரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

வண்டிக்குள் ஒரு வீடு

அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் மோட்டார் வண்டிக்குள்ளேயே வீடு அமைத்துக்கொண்டு பயணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். கேரவன் என்று சொல்வார்கள். கட்டில், அடுப்பு, குளிக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, மின்சாரம் எல்லாம் நம் காம்பராவைப் போன்ற ஒரு சிறு இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த வண்டியும் தகரத்தால் ஆனதுதான். ஓடும்போது எல்லாம் குலுங்கும். அப்படியிருந்தும் தண்ணீரும் மின்சாரமும் அங்கே சண்டை போடாமல் இருப்பதற்குச் சில எளிய பழக்கங்கள் காரணமாக இருக்கின்றன.

வயரைக் குழாய்க்கு மேலே கொண்டு போகிறார்கள். குழாய் கசிந்தால் தண்ணீர் கீழேதான் சொட்டும் என்பதால் வயர் நனையாது. சுடுதண்ணீர்க் குழாய் சிவப்பு, பச்சைத் தண்ணீர்க் குழாய் நீலம் என்று நிறம் வைக்கிறார்கள். குழாயை அங்கங்கே கிளிப் போட்டு இறுக்குகிறார்கள். தகரத்தைத் துளைத்து வயர் போகும் இடத்தில் ஒரு இறப்பர் வளையம் போடுகிறார்கள். தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுக்காமல் இருப்பதற்காக அது. ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் இது எதற்குரியது என்று எழுதி ஒட்டுகிறார்கள். தண்ணீர் முழுவதையும் நிறுத்த ஒரு வால்வு, கரண்ட் முழுவதையும் நிறுத்த ஒரு சுவிட்ச். அவை எங்கே இருக்கின்றன என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இவற்றில் ஒன்றுகூட நமக்கு எட்டாததல்ல.

முதல் வேலை ஒரு படம்

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கொப்பித் தாளில் வீட்டின் படத்தைக் கீறுங்கள். பாடசாலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் அவளிடம் கொடுங்கள். சந்தோஷமாகச் செய்வாள். கதவு, யன்னல், அடுப்பு, கட்டில் எல்லாம் குறித்தபின், நீலப் பென்சிலால் தண்ணீர் வரும் வழியைக் கீறுங்கள். சிவப்புப் பென்சிலால் கரண்ட் போகும் வழியைக் கீறுங்கள். நீலமும் சிவப்பும் எங்கெங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு வட்டம் போடுங்கள்.

அந்த வட்டங்களே நமது வேலைப் பட்டியல். பெரும்பாலும் மூன்று இடங்களில் வட்டம் விழும். ஒன்று குசினி. மற்றது குளிக்கும் இடம். அடுத்தது பின்பக்கக் கூரை விளிம்பு.

தண்ணீர்ப் பக்கம்

தண்ணீர் வேலை அநேகமாக நாமே செய்யக்கூடியது. மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கி வருகிறது. ஊற்று 10 மீற்றர் உயரத்தில் இருந்தால், குழாயை மூடியிருக்கும்போது கீழ் நுனியில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்கும். 30 மீற்றர் என்றால் 3 பார். சைக்கிள் டியூப் வாரால் சுற்றிக் கட்டிய மூட்டு அடிக்கடி விட்டுப் போவதற்குக் காரணம் இதுதான். கட்டுவது போதாது. அந்த அளவுக்குரிய சொக்கட் போட்டு இருபக்கமும் கிளிப்பால் இறுக்க வேண்டும். திருகாணி உள்ள மூட்டுகளுக்கு வெள்ளை நிறத் த்ரெட் டேப்பைத் திருகும் திசையிலேயே சில சுற்றுச் சுற்றி முடுக்கினால் கசியாது.

குழாய் மேடு பள்ளமாக ஏறி இறங்கிப் போனால், மேட்டில் காற்று அடைபட்டுத் தண்ணீர் நின்றுவிடும். யாரோ மேலே குழாயைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அயலவரோடு சண்டை பிடிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். குழாய் ஒரே சீராக இறங்கி வரும்படி படுக்க வைத்தால் அரைவாசிப் பிரச்சினை தீரும். ஒரு அடி ஆழத்தில் புதைத்தால் மண்வெட்டியிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாற்றலாம். குழாய் கறுப்பாக இருப்பது நல்லது. வெளிச்சம் புகாததால் உள்ளே பாசி பிடிப்பது குறையும்.

கானுக்குள் குழாயைப் போடுவது கூடவே கூடாது. குழாயில் தண்ணீர் ஓடும்போது மூட்டிலிருந்து தண்ணீர் வெளியே கசியும். தண்ணீர் நின்று குழாய் வெறுமையாகும்போது அதே மூட்டு வெளியில் உள்ள அழுக்கை உள்ளே இழுக்கும். கானில் ஓடுவது என்னவென்று நமக்குத் தெரியும். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வருகிறதென்றால் குழாய் போகும் வழியையும் ஒருமுறை நடந்து பாருங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே குடியுங்கள்.

இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சல் அதிகமாகக் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. அந்தக் கிருமி எலியின் சிறுநீர் கலந்த ஈரத்திலும் சேற்றிலும் இருக்கிறது. கசியும் குழாய், தேங்கும் கான், குவிந்து கிடக்கும் பழைய குழாய்த் துண்டுகள் எல்லாம் எலிக்கு வசதி. அதே எலிதான் கூரைக்குள் ஏறி வயரின் தோலைக் கடிக்கிறது. காலில் புண் இருந்தால் கான் வேலைக்கு இறங்க வேண்டாம். சேற்றில் வேலை செய்த சில நாட்களில் காய்ச்சலும் கடுமையான உடல் நோவும் வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய், சேற்றில் நின்றதையும் சொல்லுங்கள்.

ஒரு ஊற்று, பன்னிரண்டு குழாய்

12 காம்பரா உள்ள லயமென்றால் ஒரே ஊற்றுக்கு 12 குழாய் போவதைக் காணலாம். ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாகக் காசு செலவழித்து, தனித்தனியாக மலை ஏறி, தனித்தனியாகச் சண்டை பிடிக்கிறார்கள். வறட்சி வந்தால் யாருடைய குழாய் பள்ளத்தில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் தண்ணீர்.

எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய குழாயைப் போட்டு, லயத்துக்கு மேலே ஒரு தொட்டி வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு வீடு கிளை பிரித்தால் செலவும் குறையும், சண்டையும் குறையும். தொட்டிக்குள் வந்ததும் மலையின் அழுத்தம் அடங்கிவிடுவதால் வீட்டுக் குழாய் வெடிப்பதும் குறையும். மணலும் இலையும் தொட்டியின் அடியில் தங்கும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு இருந்தால், ஒரு வீட்டில் வேலை நடக்கும்போது மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் நிற்காது. தொட்டிக்கு நுளம்பு புகாத மூடி அவசியம். இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

இதற்கு மாதர் சங்கமோ மரணாதார சங்கமோ முன்னின்றால் போதும். வீட்டுக்கு ஒருவர் வீதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்தால் குழாய் புதைத்து முடிக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவும் முறையையும் எழுதி வைத்துவிடுங்கள்.

கரண்ட் பக்கம்

இங்கே நாம் செய்ய வேண்டியது பார்ப்பதும், தெரிந்துகொள்வதும், கேட்பதும். கழற்றிப் பூட்டுவது பயிற்சி பெற்ற மின்னியலாளரின் வேலை.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். மனித உடலில் 30 மில்லி அம்பியருக்கு மேல் ஓடினால் உயிருக்கே ஆபத்து. பழைய 60 வொட் பல்ப் ஒன்று எடுக்கும் கரண்டில் இது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். உலர்ந்த தோல் ஓரளவு தடுக்கும். ஈரத்தோல் அப்படித் தடுக்காது. சமையலும் கழுவலும் பார்க்கும் பெண்ணுக்கும், ஓடி விளையாடி வேர்த்து வரும் பிள்ளைக்கும் ஆபத்து கூடுவது அதனால்தான்.

பலர் நினைப்பது போல, கரண்ட் அடித்தால் வழக்கமான பிரேக்கரோ பியூசோ உடனே விழுந்து காப்பாற்றும் என்பதில்லை. அவை 6, 10, 16 அம்பியர் என்று பெரிய அளவுக்கு வைக்கப்பட்டவை. வயர் சூடாகி எரிவதைத் தடுப்பதே அவற்றின் வேலை. நம் உடலில் ஓடும் சிறு கரண்டை அவை கண்டுகொள்வதே இல்லை. நம்மைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச். போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் அளவு வேறு வழியாக ஒழுகினால் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

அந்த ட்ரிப் சுவிட்சில் ஆங்கில 'டீ' எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே விழுந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் அது வெறும் பெட்டி. மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது, தொல்லையாக இருக்கிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுக்கச் சொல்லும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். அது விழுகிறதென்றால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. ஒழுக்கைத்தான் தேட வேண்டும்.

எர்த் வயரும் அவசியம். எர்த் சரியாக இருந்தால், பழுதான கேத்தலை நாம் தொடும் முன்பே ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் நாம் தொட்ட பிறகுதான் விழும். பழைய வயரிங்கில் சிவப்பு கரண்ட் வரும் வயர், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியதில் முறையே மண்ணிறம், நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்தது. பாஸிடம் இந்த நிறங்களைச் சொல்லிக் கேளுங்கள். வேலையில் கவனம் கூடும்.

வயரின் பருமனும் முக்கியம். பல்புக்குப் போதுமான வயர் பிளக்குக்குப் போதாது. கடையில் 1/1.13 என்று சொல்வது விளக்குக்கு. 7/0.67 என்று சொல்வது பிளக் பொயின்ருக்கு. விளக்கு வயரிலிருந்து பிளக் பொயின்ருக்கு இழுத்திருந்தால், கேத்தல் போட்டவுடன் வயர் சுவருக்குள் சூடேறும். பல பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அப்படித்தான். 2000 வொட் கேத்தல் 9 அம்பியருக்குக் கிட்ட எடுக்கும். 1000 வொட் அயன் 4 அம்பியருக்கு மேல். 700 வொட் ரைஸ் குக்கர் 3 அம்பியர். மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் 16 அம்பியர். 13 அம்பியர் பெட்டி எப்படித் தாங்கும்? காலையில் கொழுந்து மலைக்கு ஓடும் அவசரத்திலும் ஒன்று முடிந்தபின் மற்றதைப் போடுங்கள்.

லயத்தில் ஒரு காம்பராவில் பற்றும் தீ அந்தக் காம்பராவோடு நிற்பதில்லை. கூரை மரமும் தகரமும் ஒன்றாக ஓடுவதால் வரிசை முழுவதும் பற்றும். மலையகத்தில் தீப்பிடித்த லயங்களில் பல குடும்பங்கள் ஒரே இரவில் உடுத்த உடையோடு வெளியே நின்றிருக்கின்றன. ஆகவே பக்கத்து வீட்டு வயரும் நம் கவலைதான்.

இரண்டும் சந்திக்கும் இடங்கள்

படத்தில் வட்டம் போட்ட இடங்களுக்கு வருவோம்.

கூரை விளிம்பு: வயர் தகரத்தைத் தொடவே கூடாது. தோல் உரிந்த ஓர் இடம் தொட்டாலும் கூரை முழுவதும் கரண்ட் ஏறலாம். வயரைக் கேசிங்கிற்குள் விட்டு, தகரத்திலிருந்து விலக்கி, சுவரின் மேற்பகுதியால் கொண்டுபோகச் சொல்லுங்கள். குழாயைக் கூரையிலிருந்து இறக்கித் தரைப் பக்கம் கொண்டு வாருங்கள். மேலே கரண்ட், கீழே தண்ணீர். இந்த ஒரு விதியைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

துணிக் கம்பி: அநேகர் கவனிக்காத ஆபத்து இது. இரும்புக் கம்பியைக் கூரைத் தகரத்திலோ, வயர் போகும் ஆணியிலோ கட்டி ஈரத்துணியைப் போடுகிறோம். எங்காவது கரண்ட் ஒழுகினால் கம்பி வழியே நம் கைக்கு வரும். இன்றே கம்பியை அவிழ்த்துவிட்டு நைலோன் கயிறு கட்டுங்கள். இரண்டு பக்கமும் மரக் கட்டையில் கட்டுங்கள். ஏற்கனவே உள்ள கம்பியை அவிழ்க்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

குசினி: தண்ணீர்க் குழாய்க்கு மேலேயோ, பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்திலோ பிளக் பொயின்ட் இருக்கக் கூடாது. இருந்தால், அதை நகர்த்துவதைவிடக் கழுவும் இடத்தை நகர்த்துவது மலிவாக இருக்கலாம். குழாயை ஒரு எல்போ போட்டுத் திருப்புவது சிறிய வேலை.

குளிக்கும் இடம்: உள்ளே பிளக்கும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். சுவிட்ச் வெளியே இருக்கட்டும். தண்ணீர் சுட வைக்கும் கம்பிச் சுருள் ஹீற்றரை வாளிக்குள் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்ப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். பிளக்கைக் கழற்றிய பிறகே கையை வையுங்கள்.

கிணற்றடி மோட்டர்: வயரைத் தரையில் இழுக்காமல் குழாய்க்குள் விட்டுப் புதைக்க வேண்டும், அல்லது கம்பம் நட்டு உயரத்தில் கொண்டுபோக வேண்டும். மோட்டரைத் தொடும் முன் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக்கையும் கழற்றுங்கள்.

நாமே செய்யக்கூடியவை

பயன்படாத பழைய குழாய்களைக் கழற்றி அகற்றலாம். குழாய்களுக்கு வீட்டுக்கு வீடு வேறு நிறத் துணி கட்டலாம். தொலைக்காட்சி வயரையும் போன் சார்ஜர் வயரையும் தனியே பிரித்துக் கட்டலாம். மெயின் பெட்டியில் எந்த சுவிட்ச் எதற்குரியது என்று பிளாஸ்டர் துண்டில் எழுதி ஒட்டலாம். தண்ணீர் வால்வையும் மெயின் சுவிட்சையும் பிள்ளைகளுக்குக் காட்டி, மூடவும் நிறுத்தவும் பழக்கலாம்.

வயரை வெட்டுவது, முறுக்கி டேப் சுற்றுவது, பியூசுக்குப் பதில் கம்பி வைப்பது, மீட்டர் பக்கம் கை வைப்பது இவை வேண்டாம். முறுக்கிச் சுற்றிய மூட்டு காலப்போக்கில் தளர்ந்து சூடேறும். கூரைக்குள் தீ தொடங்குவது பெரும்பாலும் அப்படியான இடங்களில்தான்.

வேலைக்கு வரும் பாஸிடம் என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் உங்கள் முன்னிலையில் ட்ரிப் சுவிட்சை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். என்ன பொருள் வாங்கினார் என்று பற்றுச்சீட்டை வாங்கி, படத்தோடு சேர்த்து வையுங்கள்.

நம் பிள்ளைகளே இந்தத் தொழிலைக் கற்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் மின்னியலாளர், குழாய் பொருத்துநர் பயிற்சிகள் நடைபெறுகின்றன. பெண் பிள்ளைகள் சேரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆண் துணையில்லாத வீட்டுக்கு வேலைக்கு வர ஒரு பெண் மின்னியலாளர் இருந்தால் எவ்வளவு நிம்மதி!

மழையும் இடியும் வெள்ளமும்

சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். முழக்கம் கேட்கத் தொடங்கியதும் தொலைக்காட்சியின் பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடிக்கும்போது குழாயடியில் நிற்பதையும் தவிருங்கள்.

கலவான மக்கள் 2003 மே மாத வெள்ளத்தையும் 2017 மே மாத வெள்ளத்தையும் மண்சரிவுகளையும் மறக்கவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கினால் கை உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு நிறுத்தப் போக வேண்டாம். வெள்ளம் வடிந்ததும் ஆசையாக சுவிட்சைப் போடக் கூடாது. பிளக் பொயின்ட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் மின்னியலாளர் பார்த்த பிறகே போட வேண்டும். அறுந்து கிடக்கும் வயரை எவரும் நெருங்க விடாமல், மின்சாரப் பட்டியலில் அச்சிடப்பட்டுள்ள அவசர இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

குழாய்க் கசிவுக்கும் மண்சரிவுக்கும் தொடர்பு உண்டு. லயத்துக்குப் பின்னால் உள்ள வெட்டு மண்ணில் இரவும் பகலும் தண்ணீர் இறங்கினால் மண் கனத்து இளகும். பெருமழை வரும்போது அந்த இடமே முதலில் சரியலாம். சுவரில் புதிய வெடிப்பு, மரங்கள் சாய்தல், திடீரென்று கலங்கல் ஊற்று கிளம்புதல் இவற்றைக் கண்டால் பொருட்களை எடுக்க நிற்காமல் வெளியேறி, 117க்கு அறிவியுங்கள்.

யாருக்காவது கரண்ட் பிடித்தால் அவரைக் கையால் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயின் சுவிட்ச். அது முடியாவிட்டால் உலர்ந்த மரக் கட்டையால் தள்ளி விலக்குங்கள். பிறகு 1990 அம்பியூலன்சை அழையுங்கள். எழுந்து நடந்தாலும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

கூட்டாகக் கேட்போம்

லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது. ஆகவே பெரிய வேலைகளுக்கு நிர்வாகத்தின் அனுமதியும் உதவியும் தேவை. தனியாகப் போய் வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். நமது படங்களை வைத்துக்கொண்டு, எந்தக் காம்பராவில் எர்த் இல்லை, எங்கே ட்ரிப் சுவிட்ச் இல்லை, எங்கே வயர் தகரத்தைத் தொடுகிறது என்று வரிசைப்படுத்தி, எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு பிரதியைப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், இன்னொன்றைப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். ஒன்றைத் திகதியோடு உங்களிடம் வையுங்கள்.

தனி வீடு கிடைக்கும் குடும்பங்களும், வடக்கில் வீட்டை இன்னும் கட்டி முடிக்காத குடும்பங்களும் இன்னும் வாய்ப்புள்ளவர்கள். சுவர் பூசும் முன்பே நீலக்கோட்டையும் சிவப்புக்கோட்டையும் தாளில் கீறி மேசன் பாஸிடம் கொடுத்துவிடலாம். பூசிய சுவரைப் பிறகு உடைப்பதற்கு ஆகும் செலவு மிச்சமாகும்.

இந்த மாதம் மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. வீட்டுப் படத்தைக் கீறுங்கள். இரும்புத் துணிக் கம்பியை மாற்றுங்கள். ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். முதல் வேலைக்குத் தாளும் பென்சிலும் போதும், இரண்டாவதற்கு ஒரு கயிறு, மூன்றாவதற்குச் செலவே இல்லை. பொத்தானை அழுத்தியும் சுவிட்ச் விழவில்லையா? அடுத்த சம்பளத்தில் முதல் செலவு எதுவென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.